இருநூற்றுப் பதினாலாம் படம்

போன கிழமை எழுதினதைக் காப்போட நிப்பாட்டினன். நுஸ்ஹாட கலியாணத்தில மாப்பிள பர்ஹாண்ட உம்மா மருமகளுக்குப் போட்ட காப்பு, மூணு செகப்புக் கல்லுப் பதிச்ச அகலக் காப்பு, பின்னேரம் அஸர்த் தொழுகை நேரம் தேடினா இல்ல. மெத்தையைத் தூக்கி, குப்பைக் கூடையைக் கொட்டி, பாயை உதறிப் பார்த்தும் இல்ல. உடுப்பு மாத்தின நேரம் அறைக்குள்ள நுஸ்ஹாவோட இருந்தவ பாண்டிருப்புச் செல்லத்தங்கம் அக்கா. பொண்ணு சோடிக்க வந்தவ. அவ்வளவும் போதும், ஊருக்கு வேற என்ன வேணும்?

அது வியாழக்கிழமை. இண்டைக்குப் புதன்.

புதிசா வாசிக்கிறவங்களுக்காகச் சொல்றன். நான் அம்ஹா, நுஸ்ஹாட ராத்தா, மூத்தவ. சாய்ந்தமருதில பொம்புளைகள் பக்கத்துக் கலியாணப் போட்டோ எடுக்கிறவ. பொம்புளைகள் பக்கத்துப் படம் ஆம்புளைகள் கண்ணில படக்கூடாது, அதை நம்பித்தான் என்னைக் கூப்பிடுறாங்க. அதால ஒரு படமும் வெளியில ஒரு கடைக்குப் போகாது. எல்லாம் என்ட கையாலதான். எடுக்கிறதும் நான், திருத்துறதும் நான், பாஸ்வேட் போட்டு ஒன்லைனில கேலரி கட்டி விடுறதும் நான். கட்டார்ல இரிக்கிற மாமி மகளும் லண்டன்ல இரிக்கிற சாச்சியும் அதுலதான் பார்க்கிறாங்க. பேச்சு வாங்குறதும் நான் மட்டும்தான்.

கேலரி கட்டுறது பெரிய வித்தை இல்ல. படம் திருத்துற அதே சொப்ட்வெயார்தான் அதையும் செஞ்சு தரும். போல்டரைக் காட்டினாச் சரி. முன்பக்கத்தில சின்னச் சின்னப் படமா வரிசை கட்டும், ஒண்டைத் தொட்டாப் பெரிசு திறக்கும். சின்னது வேற பைல், பெரிசு வேற பைல். இதை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வெச்சிக்கொள்ளுங்க, பின்னுக்கு வேணும்.

ஞாயிற்றுக்கிழமையே கட்டி முடிச்சிட்டன். நானூத்திப் பன்னிரண்டு படம். அதோட விட்டாங்களா? என்ட வூட்டுக்கும் உம்மாட வூட்டுக்கும் நடுவுல ஒரு மதில், மதிலில ஒரு கதவு. திங்களும் செவ்வாயும் அந்தக் கதவு சாத்தப்படவே இல்ல. வாறாங்க, லெப்டொப்புக்கு முன்னால குந்துறாங்க, ஆளுக்கொரு திருத்தம் சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போறாங்க. அந்தக் கலியாணத்தில பொண்ணு ஒரு ஆள்தான், ஆனா கறுத்துப்போய்க் கிடந்தவங்க நாப்பது பேர். ஒருத்திக்கு வாய்க்குக் கீழ நாடி ரெண்டு, ஒண்டாக்கணும். ஒருத்தி கண்ணை மூடிட்டா, திறந்து விடணும். இன்னொருத்தி மதினிக்குப் பக்கத்தில நிக்கிறாவாம், இப்ப கதை பேச்சு இல்லையாம், நடுவுல ஒரு கதிரையை வெச்சுப் பிரிச்சு விடட்டாம். கதிரைக்கு நான் எங்க போற?

உம்மாவும் வந்தா. என்னைப் பெத்த சல்மா உம்மா. 214ஆம் படத்தைத் தொட்டுக் காட்டினா. சோத்துத் தட்டு, சஹனைச் சுத்திப் பொம்புளைகள் இருக்கிறாங்க, உம்மா குனிஞ்சு பர்ஹாண்ட உம்மாக்கு வட்டிலப்பம் வைக்கிறா. கையை நீட்டினதில சட்டைக் கை முழங்கை வரைக்கும் ஏறிட்டு.

"மகள், கை தெரியுது. சட்டையை மணிக்கட்டு வரைக்கும் இறக்கி விடு" எண்டா.

இது எனக்குப் புதிசில்ல. நூறு பேருக்குச் செஞ்சு குடுத்திரிக்கன். சட்டைத் துணியில ஒரு துண்டை எடுத்து, கைக்கு மேல தேய்ச்சு, மடிப்பு விழுத்தி, ஓரத்தை மங்கலாக்கினா முடிஞ்சிது. போனைத் தோளில இடுக்கிக் கட்டார்க் காரியோட கதைச்சுக்கிட்டே அஞ்சு நிமிசத்தில முடிச்சன். முடிச்சு அதே பேரில சேவ் பண்ணினன். வேற பேரில சேவ் பண்ணுங்க எண்டு ஊருக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்லுறவ நான்தான்! கெமராக் கார்டையும் வாற ஞாயிறு நிந்தவூர்க் கலியாணத்துக்காக அழிச்சாச்சி.

சரி, இண்டைய கதைக்கு வாறன்.

காலையில ஏழு மணிக்கு லிங்கையும் பாஸ்வேட்டையும் முதல் ஆளாச் செல்லத்தங்கம் அக்காவுக்கு அனுப்பினன். ஒம்பது வருசப் பழக்கம். பொண்ணுட முடி எங்கயாவது தெரியுதா, ஊசி கழண்டு கிடக்கா, அந்தக் கண்ணுக்குத்தான் தெரியும். பழக்கத்தில கை தானா அனுப்பிட்டு. அனுப்பினதுக்குப் பிறகுதான் நெஞ்சில ஒண்டு குத்தினது. ஆறு நாளா நான் அவவுக்கு ஒரு கோல் கூட எடுக்கல்ல.

ஏன் எடுக்கல்ல எண்டு கேக்கிறீங்களா? "நுஸ்ஹா கலியாணம்" எண்டு எங்களுக்கொரு வட்ஸ்அப் குரூப் இரிக்கு, அறுபத்தொரு பொம்புளைகள். வெள்ளிக்கிழமை அதுல பர்ஹாண்ட உம்மா ஒரு வொய்ஸ் போட்டா. "நான் யாரையும் சொல்லல்ல. ஆனா அறைக்குள்ள பொறத்தியா ஒரு ஆள்தான் இருந்த. அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும்." யாரையும் சொல்லல்லயாம்! அதுக்குக் கீழ வரிசையா அழுகை முகம். திங்கட்கிழமை நிந்தவூர்க் காரங்க அக்காவுக்குக் கோல் எடுத்து, வேற ஆளைப் பார்த்திட்டம், வர வேணாம் எண்டாங்க. செவ்வாய்க்கிழமை மருதமுனைக் கலியாணமும் போச்சி. புருசன் இல்லாத மனுசி, அந்தப் பவுடர்ப் பெட்டியும் ஊசிப் பெட்டியும்தான் அவட சீவியம். காப்புக் கிடைக்காட்டி இனி இந்தக் கரையில ஒரு பொண்ணுட தலையிலயும் அவ கை வைக்க ஏலாது.

நான் என்ன செஞ்சன்? ஒண்டும் செய்யல்ல. திருத்துற வேலை தலைக்கு மேல கிடக்கு எண்டு எனக்கு நானே சொல்லிக்கிட்டன்.

எட்டு மணிக்கு அக்காட பதில் வந்திச்சி. "பார்த்தன். சோக்கா இருக்கு. சின்னப் படங்களையும் ஒருக்கா வடிவாப் பாரு புள்ள."

எனக்கு எரிச்சல் வந்தது. பெரிய படத்தைத் திருத்தவே கண் பிதுங்குது, இதுக்குள்ள சின்னப் படத்தில என்னத்தைப் பார்க்கிற? ஒரு பெருவிரல் போட்டு அனுப்பிட்டு விட்டன்.

பத்து மணிக்கு லிங்கை குரூப்பில போட்டன். போட்டு அஞ்சு நிமிசத்துக்குள்ள இருபத்தேழு மெசேஜ்.

"பாஸ்வேட் பிழை எண்டுது." பிழை இல்ல, அவ கப்பிட்டல் எழுத்தில அடிக்கிறா.

"என்ட படம் எத்தினையாவது?" நானூத்திப் பன்னிரண்டில நான் தேடிக் குடுக்கணுமாம்.

"நாடி இன்னும் ரெண்டாத்தான் இரிக்கு." அல்லாஹ்வே, கிடக்கிறதைத்தானே கெமரா காட்டும்?

இதுக்குள்ள இவர் கோல். என்ட மாப்பிள முபீன். கல்முனைக் கடையில நிண்டுக்கிட்டு, "அம்ஹா, நீல சாரன் எங்க வெச்ச?" எண்டு கேக்கிறார். கடைக்குள்ள நிக்கிற மனிசனுக்கு இப்ப என்னத்துக்கு நீல சாரன்? "அலுமாரியில" எண்டு சொல்லிக் கட் பண்ணினன். அலுமாரியில இல்ல எண்டு எனக்குத் தெரியும்.

மத்தியானம் லுஹர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னம் மதில் கதவு படீரெண்டு திறந்திச்சி. உம்மா. ஒரு கையில போன், மற்றக் கையில மூக்குக் கண்ணாடி.

"என்ன வேலை செஞ்சு வெச்சிரிக்கிற நீ? கை தெரியுது."

"எங்க தெரியுது? இறக்கித்தானே விட்டன்."

"தொட்டாப் பெரிசாகுதே, அதுல இல்ல. தொட முன்னம் சின்னதா இரிக்குதே, அதுல தெரியுது."

பார்த்தன். உண்மைதான். முன்பக்கத்துச் சின்னப் படத்தில கை வெறுங்கையாக் கிடக்கு, தொட்டாச் சட்டை மூடுது. அப்பதான் விளங்கிச்சி. சின்னப் படங்களை சொப்ட்வெயார் ஞாயிற்றுக்கிழமையே செஞ்சு போட்டிட்டு. திருத்தங்கள் எல்லாம் அதுக்குப் பிறகு. நான் பெரிசை மட்டும் மாத்தி மாத்தி ஏத்தியிரிக்கன், சின்னது பழசு பழசாவே கிடக்கு. நாப்பது பேரும் முன்பக்கத்தில கறுத்துப்போய்த்தான் நிக்கிறாங்க. யா அல்லாஹ், இது குரூப்புக்குத் தெரிஞ்சா என்னைத் திண்டுபோடுவாங்க.

"உம்மா, விரல் நகத்தளவு படம். யார் பார்க்கப் போறா?"

"நான் பார்த்தன் தானே. இப்பவே மாத்து."

"அஸருக்குப் பிறகு எல்லாத்தையும் சேர்த்து..."

"எல்லாம் கிடக்கட்டும். இதை மட்டும் இப்ப மாத்து. நான் மீன் வெட்டிப்போட்டு வந்து பார்ப்பன்." சொல்லிட்டுக் கதவை அடிச்சுச் சாத்திட்டுப் போறா.

வெளியிலயெண்டாக் கவலைப்பட வேண்டியதுதான், இல்லெண்டு சொல்லல்ல. ஆனா பொம்புளைகள் மட்டும் பார்க்கிற கேலரியில, பொம்புளைகளுக்கு நடுவுல, முழங்கை தெரிஞ்சதுக்கு இந்த ஆட்டமா? வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே அந்தச் சின்னப் பைலைத் திறந்தன். திருத்த வேணுமெண்டாப் பெரிசாக்கணும். ரெண்டு மடங்கு, நாலு மடங்கு, எட்டு மடங்கு. கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சி.

உம்மாட கையில எப்பவும் நாலு காப்புக் கிடக்கும். மெல்லிசுக் காப்பு, நான் பிறக்க முன்னம் போட்டது. மஞ்சளா நாலு கோடு. கோட்டுக்குக் கீழ, மணிக்கட்டுப் பக்கம், அகலமா இன்னொரு மஞ்சள் பட்டை.

அந்தப் பட்டையில செகப்பா மூணு புள்ளி.

நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிட்டு எழும்பினன். திரும்பவும் குந்தினன். 88ஆம் படத்தைத் திறந்தன், பர்ஹாண்ட உம்மா நுஸ்ஹாக்குக் காப்புப் போடுற படம். மூணு கல்லும் பளிச்செண்டு தெரியுது. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வெச்சுப் பார்த்தன். பார்க்கத் தேவையே இல்ல, ஆனாலும் பார்த்தன்.

அந்தப் படத்தை எடுத்தவ நான். அதுக்கு மேல துணியைத் தேய்ச்சவ நான். நாலா அஞ்சா எண்டு எண்ணிப் பார்க்கத் தோணல்ல. பெத்த உம்மாட கையை ஆர் எண்ணிப் பார்க்கிறா?

மதில் கதவைத் தள்ளிட்டுப் போனன். உம்மா குசினி வாசல்ல பலகைக் கட்டையில குந்திக் கீரி மீன் வெட்டுறா. வாப்பா மாவடிப்பள்ளி வயலுக்குப் போயிட்டார், நுஸ்ஹாவும் பர்ஹானும் விருந்துக்குப் போயிட்டாங்க. வூட்டில உம்மா மட்டும்தான்.

"மாத்திட்டியா?" தலையைத் தூக்காமக் கேட்டா.

"அஞ்சாவது காப்பு யார்ட?"

கத்தி நிண்டுட்டு. மீன் கையில அப்படியே கிடக்கு. எனக்குத் தெரியும், உம்மா பொய் சொல்ல நினைச்சா முதல்ல "என்னது?" எண்டு கேப்பா. கேக்கல்ல. எழும்பிப் போய்ப் பைப்பைத் திறந்து கை கழுவினா. சவர்க்காரம் போட்டு ரெண்டு தரம் கழுவினா.

"நான் எடுக்கல்ல, அம்ஹா" எண்டா. "உடுப்பு மாத்தின நேரம் நுஸ்ஹாட கையில இருந்து கழண்டு பாயில கிடந்தது. அவட கைக்கு அது பெரிசு. யாராவது மிதிச்சுப் போடுவாங்க எண்டு நான் எடுத்து என்ட கையில மாட்டினன். சோத்துக்குக் கூப்பிட்டாங்க, ஓடினன், மறந்து போச்சி. உண்மையா மறந்துதான் போச்சி."

"அஸர் நேரம் தேடினாங்களே! நீங்களும்தானே மெத்தையைத் தூக்கினீங்க?"

"அப்பவும் நினைவு வரல்ல. பொழுது பட்டு மஃரிபுக்கு வுழு எடுக்க, கை கழுவச் சட்டையை மடிச்சன், கண்டன். அதுக்குள்ள பர்ஹாண்ட உம்மா ஊரெல்லாம் சொல்லி முடிச்சிட்டா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே உம்மா!"

"என்னெண்டு சொல்ற?" உம்மாக்கும் கோவம் வந்திட்டு. "மருமகளுக்குப் போட்ட காப்பை உம்மாக்காரி கழட்டித் தன்ட கையில போட்டுக்கிட்டு, அந்தக் கையாலயே எனக்கு வட்டிலப்பம் வெச்சா எண்டு சொல்ல மாட்டாவா அவ? உனக்கு அவட வாய் தெரியாதா? நுஸ்ஹா இனி ஆயுசுக்கும் அதைக் கேக்கணும். ரெண்டு நாள் ஆறட்டும், அலுமாரிக்குக் கீழ கிடந்தது எண்டு எடுத்துக் குடுப்பம் எண்டு நினைச்சன்."

"ரெண்டு நாள் ஆறு நாளாப் போச்சி."

"நீ அந்தப் படத்தை லெப்டொப்பில காட்டினதும் எனக்கு உயிரே போச்சி."

"அதுக்கு என்ட கையாலேயே மறைக்க வெச்சீங்க."

"மறைக்கச் சொல்லல்ல. சட்டையை இறக்கச் சொன்னன்."

எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது, ரெண்டுக்கும் மேல விசர்க் கோவம் வருது. இந்த மனுசி ஒரு ரூபா பிழையா வந்தாலும் கடைக்குத் திரும்பிப் போய்க் குடுக்கிற ஆள். நடுச்சாமத்துத் தஹஜ்ஜத் தொழுகையும் விடாத ஆள். ஒரு பொம்புளையிட வாய்க்குப் பயந்து இன்னொரு பொம்புளையிட சீவியத்தை அலுமாரிக்குக் கீழ தள்ளிட்டு ஆறு நாள் தொழுதிருக்கா!

"உம்மா, செல்லத்தங்கம் அக்காக்கு நிந்தவூர்க் கலியாணம் இல்லாமப் போயிட்டு. மருதமுனையும் போயிட்டு. தெரியுமா?"

உம்மா ஈரக் கையைச் சட்டையில துடைச்சா.

"தெரியுமா உம்மா?"

"தெரியும்."

"அப்ப அபாயாவைப் போடுங்க. காப்பை எடுங்க. பாண்டிருப்புக்குப் போறம்."

"முதல்ல அந்தச் சின்னப் படத்தை மாத்திட்டு..."

"மாத்த மாட்டன்" எண்டன். "அது அப்படியே கிடக்கட்டும். நீங்க வராட்டி நானே பெரிசாக்கி குரூப்பில போடுவன்."

போட்டிருப்பனா? தெரியாது. ஆனா சொன்ன நேரம் போடுற மாதிரித்தான் சொன்னன். உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. சின்ன வயசில அடிக்க முன்னம் பார்க்கிற அதே பார்வை. பிறகு உள்ளுக்குப் போய் லுஹர் தொழுதா. உம்மா வெட்டின மீனை நான் கழுவிப் பிரிஜ்ஜில வெச்சன். வெளியில வந்த நேரம் அபாயா போட்டிருந்தா, கையில காப்பை வெச்சு முடிச்சுப் போட்ட லேஞ்சித் துணி.

ஸ்கூட்டியில பின்னுக்கு ஏத்தினன். மெயின் ரோட்டில வெயில் கொளுத்துது. கல்முனைக்குடி தாண்டி மார்க்கெட் வரைக்கும் ஒரே நெரிசல், அக்கரைப்பற்று பஸ் ஒண்டு பின்னால நிண்டு கோர்ன் அடிச்சுக் காதைக் கிழிக்குது. உம்மா விடாமச் சொல்லிக்கிட்டே வாறா. "மெதுவாப் போ. அபாயா சில்லுக்குள்ள போகுது. பஸ்ஸுக்கு வழி விடு." ஆறு நாள் வாய் திறக்காத மனுசிக்கு ரோட்டில வந்த கதையைப் பாருங்க!

செல்லத்தங்கம் அக்காட வீட்டு வளவில கயிறு கட்டிச் சவுரி முடியெல்லாம் கழுவிக் காயப்போட்டிருந்தா. வேலை இருந்தாக் கழுவ நேரம் இருக்காது. எங்களைக் கண்டதும் முகத்தில ஒண்டும் காட்டல்ல. "வாங்க ராத்தா" எண்டு உம்மாக்குக் கதிரையை இழுத்துப் போட்டா. என்னையும் பார்த்து, "வாங்க, இருங்க" எண்டா. ஒம்பது வருசமா என்னைப் புள்ள, வா, இரி எண்டு கூப்பிட்ட ஆள். பிளேன்டீ கொண்டு வந்து வெச்சிட்டு எதிரில குந்தினா.

உம்மா லேஞ்சியை அவிழ்த்துக் காப்பை மேசையில வெச்சா.

"அதை என்ட மேசையில வைக்காதீங்க ராத்தா" எண்டா அக்கா. சத்தம் போடல்ல. "பிறகு என்ட வீட்டில இருந்து எடுத்ததெண்டு கதை வரும்."

உம்மா சுட்டுப்போட்ட மாதிரி காப்பைத் திருப்பி எடுத்தா. எடுத்து எங்க வைக்கிறது எண்டு தெரியாம, கையிலயே பொத்தி வெச்சிக்கிட்டா. எப்பிடி எடுத்தது, எப்பிடி மறந்தது, எப்பிடிச் சொல்லாம விட்டது எண்டு எல்லாத்தையும் சொன்னா. நடுவுல ரெண்டு தரம் அழுதா.

"எனக்குக் காலையிலேயே தெரியும்" எண்டா அக்கா கடைசியில. "லிங்க் வந்ததும் பார்த்தன். நான் எப்பவும் சின்னதைத்தான் முதல்ல பார்க்கிற. எல்லாத்தையும் ஒரு பார்வையில பார்க்கலாம். அந்தக் காப்பை நான்தானே பொண்ணுட கையில நேராக்கி விட்டனான், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அக்கா சொல்லல்ல?" நான் கேட்டன்.

"சொன்னன் தானே. சின்னப் படங்களைப் பாரு எண்டு."

நான் அனுப்பின பெருவிரல் ஞாபகம் வந்திச்சி. என்ட கன்னத்தில நானே அறையணும் போல இருந்திச்சி.

"பெரிசைத் திறந்தா, காப்பு இல்ல" எண்டா அக்கா. "தெரிஞ்சுதான் மறைச்சீங்களோ, தெரியாமத்தான் மறைச்சீங்களோ எண்டு எனக்கு விளங்கல்ல. காலையில இருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தன். நல்ல வேலை. ஒரு அடையாளமும் இல்ல."

தெரியாம எண்டு சொல்ல வாய் எடுத்தன், அதுக்குள்ள உம்மா கேட்டா, "நான் இப்ப என்ன செய்யணும் தங்கம்? சொல்லு, செய்யுறன்."

"கதை எங்க தொடங்கினதோ, அங்க போய்ச் சொல்லுங்க."

உம்மாக்கு எழுதத் தெரியும், போன்ல அடிக்கத் தெரியாது. என்ட போனை வாங்கி, குரூப்பைத் திறக்கச் சொல்லி, வொய்ஸ் பட்டனை அமத்தினா.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் சல்மா கதைக்கிறன். அல்ஹம்துலில்லாஹ், காப்புக் கிடைச்சிட்டு. வூட்ட அலுமாரிக்குக் கீழ..."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடிச்சா. உம்மா அவவைப் பார்த்தா. பார்த்துக்கிட்டே விரலை இழுத்து அதை அழிச்சா. திரும்ப அமத்தினா.

"நான் சல்மா. காப்பு என்ட கையில கிடந்தது. பாயில கிடந்ததை நான்தான் எடுத்து மாட்டினன். அண்டைக்கு மஃரிபுக்கே கண்டிட்டன். வெக்கத்தில சொல்லாம விட்டன். செல்லத்தங்கம் அதைத் தொடவே இல்ல. நீங்க எல்லாரும் அவவைக் கதைச்ச நேரமும் காப்பு என்ட அலுமாரியிலதான் கிடந்தது. அவவும் மன்னிக்கட்டும், நீங்களும் மன்னிச்சுக்கொள்ளுங்க."

போயிட்டு. கொஞ்ச நேரத்தில மேல ஒரு வரி வந்திச்சி, பர்ஹாண்ட உம்மா வொய்ஸ் பதியிறாவாம். பதியிறா, பதியிறா, முடியிற மாதிரித் தெரியல்ல.

நான் அக்காட பக்கம் திரும்பினன். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை நிந்தவூருக்கு நான் கதைச்சு..."

"உங்கட உம்மா சொல்லிட்டா" எண்டா அக்கா. "அவக்குப் பயம், சொல்லல்ல. சரி. உங்களுக்கு என்ன பயம்? ஆறு நாளா அந்தக் குரூப்பில நீங்களும்தானே இருந்தீங்க."

வேலை கிடந்தது எண்டு சொல்லவா? கறுத்தவங்களை வெள்ளையாக்கிக்கிட்டு இருந்தன் எண்டு சொல்லவா? உம்மாட கையில இருந்த போனை வாங்கினன். பட்டனை அமத்தினன்.

"நான் அம்ஹா. 214ஆம் படத்தில உம்மாட கைக்குச் சட்டையை இறக்கி விட்டது நான். காப்பைக் காணாமத்தான் செஞ்சன். ஆனா செல்லத்தங்கம் அக்கா எடுத்திரிக்க மாட்டா எண்டு எனக்கு வியாழக்கிழமையே தெரியும். தெரிஞ்சுக்கிட்டு இதுல ஒரு சொல்லும் சொல்லல்ல. அதுக்கு எனக்கு வெக்கமா இரிக்கு. சின்னப் படத்தை மாத்த மாட்டன். போய்ப் பாருங்க."

விரலை எடுத்தன். அதுவும் போயிட்டு.

அடுத்த நிமிசமே கீழ வந்து விழுந்திச்சி பர்ஹாண்ட உம்மாட வொய்ஸ். நாலு நிமிசம் பன்னிரண்டு செக்கன். உம்மா கண்ணை மூடி எதையோ ஓதத் தொடங்கிட்டா. நான் போனைக் கவுத்து மேசையில வெச்சன். நுஸ்ஹாட முகம்தான் கண்ணுக்குள்ள வருது.

செல்லத்தங்கம் அக்கா எட்டிப் போனை நிமித்தி, என்ட பக்கம் தள்ளி விட்டா.

"போடு புள்ள, சத்தமாப் போடு" எண்டா. "ஆறு நாளா என்னைப் பத்தின கதை எனக்குப் பின்னாலதான் நடந்தது. இதையாவது நான் இருந்து கேக்கிறன்."